பிள்ளையார் எடுத்துக் குடுத்த கம்ப்யூட்டர் புத்தகம்

நான் பத்தாங்கிளாஸைத் தாண்டாதவன். ஆனா சி பிளஸ் பிளஸ் படிக்கதுக்கு எந்தப் புத்தகம் நல்லதுன்னு எங்க வீட்டுல ஒருதடவை முடிவு பண்ணுனது நாந்தான். நானும் ஆத்தங்கரைப் பிள்ளையாரும் சேந்து. அப்ப எனக்கு வயசு பத்து. பிள்ளையாருக்கு எத்தனைன்னு தெரியாது.

எங்கம்மை திருநெல்வேலி டவுன்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். பி.எஸ்ஸி. வரைக்கும் தமிழ் மீடியம். அந்த வருசம் முழுப்பரிச்சை முடிஞ்சு லீவு விடுத அன்னைக்கு தாளாளர் கூப்பிட்டுவிட்டாரு. கணக்குக்கு ஆளு கூடிப்போச்சு, ஜூன்ல இருந்து நீங்க பிளஸ் ஒன்னுக்குக் கம்ப்யூட்டர் எடுக்கணும், தொறந்த மொத வாரத்துல என் முன்னால ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுங்க, சரிவரலைன்னா வேற எடம் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டாரு. எங்கம்மை அதுவரைக்கும் கம்ப்யூட்டரைத் தொட்டதுன்னா, அது மேல கெடக்க தூசியத் தொடைக்கத்தான்.

மறுநாளே என்னையும் இழுத்துக்கிட்டு ஜங்ஷன்ல ஒரு புத்தகக் கடைக்குப் போனா. கடைக்கார அண்ணாச்சி ரெண்டு புத்தகத்தை எடுத்துப் போட்டாரு. எதுன்னு எங்கம்மைக்குச் சொல்லத் தெரியல. வெயிட் பாக்க மாதிரி ரெண்டையும் மாத்தி மாத்திக் கையில எடுத்தா. அண்ணாச்சிக்கே பாவமாப் போச்சு.

“ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க டீச்சரம்மா. வேண்டாததைத் திங்கக்கெழம திருப்பித் தந்துருங்க. ஏடு மடங்கக் கூடாது. இந்தப் பய கையில மட்டும் குடுத்துராதீங்க.”

என்னைய அவருக்கு அதுக்கு முன்னால தெரியவே தெரியாது. வியாபாரம் பண்ணுதவங்க ஆளை எடை போட்டுருவாவ.

ஒண்ணு தமிழ்ப் புத்தகம். ஒல்லியா இருக்கும். ஒரு புரோகிராம், அதுக்குக் கீழயே அதோட விடை, பெறகு பரிச்சையில என்ன கேப்பான்னு ஒரு பக்கம். சோத்தைப் பெசஞ்சு உருட்டிக் கையில வைக்க மாதிரி. இன்னொண்ணு இங்கிலீசு. செங்கல் தண்டி. ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசில இருவது கேள்வி இருக்கும், ஒண்ணுக்கும் விடை இருக்காது. நடுநடுவுல வேணும்னே தப்பாப் போட்ட புரோகிராமும் உண்டு. தப்பு எங்கன இருக்குன்னு நாமதான் தேடணும். பின்னட்டை உள்பக்கம் ஒரு உறையில சி.டி. ஒண்ணு ஒட்டியிருந்தான். எனக்கு அது போதும். கம்ப்யூட்டர் சி.டி.ன்னா உள்ள கார் ஓடும், துப்பாக்கி சுடும்னு நானா முடிவு பண்ணிட்டேன்.

எங்கப்பா தாலுகா ஆபீசுல கிளார்க்கு. ரெண்டையும் பொரட்டிப் பாத்துட்டுத் தமிழ்ப் புத்தகம்னு சொல்லிட்டாவ. அவிய கெட்ட மனுசன் இல்ல, பயந்த மனுசன்.

“ஏட்டி, அந்த இங்கிலீசு புத்தகம் மொதப் பாடத்துலயே ஒன்னைய மறிச்சிப் போட்டுரும். இருக்க வேலையும் போயிரும். தெரிஞ்ச பாசையில படிச்சு ஒப்பேத்துத வழியப் பாரு.”

எங்கம்மை சொன்னது எனக்கு இன்னும் அப்பிடியே ஞாபகம் இருக்கு. “தமிழுங்கிறதுக்காகச் சொல்லலங்க. அதுல எல்லாத்துக்கும் விடை இருக்கு. நான் மனப்பாடம் பண்ணிருவேன், எனக்கு என்னையத் தெரியும். ஒரு பிள்ளை எந்திரிச்சுக் குறுக்க ஒரு கேள்வி கேட்டா, அங்கனயே நின்னுருவேன்.”

ரெண்டு நாளா இதே பேச்சு. கடைசில எங்கப்பா, பூ கட்டிப் பாத்துருவோம்னாவ. அதுக்கு மேல எங்க வீட்டுல அப்பீல் கெடையாது. வெள்ளைப் பூவை ஒரு தாளுலயும் செவப்புப் பூவை ஒரு தாளுலயும் மடிச்சு சாமி முன்னால போட்டு, ஒரு பிள்ளையை விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லணும். வந்த பூ என்ன சொல்லுதோ அதுதான் உத்தரவு. எங்கத்தைக்கு மாப்பிள்ளை பாத்ததும், நாங்க இருந்த வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்ததும் அப்பிடித்தான். கள்ளம் தெரியாத பிள்ளைதான் எடுக்கணும்னு வழக்கம். எங்க வீட்டுல அப்பிடி ஒரு பிள்ளை இல்லாததால நான் எடுத்தேன்.

தமிழ்ப் புத்தகத்துக்குப் பிச்சிப்பூ, இங்கிலீசுக்குச் செவ்வரளின்னு பேச்சு. எங்கம்மை அடுக்களையில இருந்து பொட்டலம் ரெண்டையும் கட்டி எடுத்துட்டு வந்தா. ஆத்தங்கரைக்குப் போற வழியிலயே நான் திட்டம் போட்டுட்டேன். பிச்சியத் தாளுல மடிச்சா என்ன, தகரத்துல அடைச்சா என்ன, வாசம் தெருமுக்கு வரைக்கும் வரும். வாசம் வராத பொட்டலத்தை எடுத்தா சி.டி. நமக்கு.

பிள்ளையார் முன்னால கும்புடுத மாதிரி நல்லாக் குனிஞ்சு மோந்தேன். ரெண்டுலயும் வாசம் இல்ல. இன்னும் கொஞ்சம் குனிஞ்சேன். பய பக்தியப் பாத்து எங்கப்பாவுக்குக் கண்ணு கலங்கிட்டு. எனக்கு மூக்குதான் அடைச்சிருக்குன்னு நெனச்சு, வாரது வரட்டும்னு ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். பிரிச்சா செவ்வரளி.

எங்கப்பா கன்னத்துல போட்டுக்கிட்டு, “சாமியே சொல்லிட்டாரு. இனி நாம என்ன பேச”ன்னாவ. திங்கக்கெழம தமிழ்ப் புத்தகத்தை அவியளே கொண்டுபோய் அண்ணாச்சிட்ட குடுத்துட்டு வந்தாவ.

மிச்சப் பொட்டலத்தை ஆத்துல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தாவ. படித்துறையில வச்சுப் பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் செவ்வரளி. சரி, அவசரத்துல எங்கம்மை மாத்திக் கட்டிட்டான்னு நெனச்சேன். சொன்னா மறுபடியும் பூ கட்டுவாவ, மறுபடியும் மோந்து பாக்கணும், சி.டி. கையவிட்டுப் போனாலும் போயிரும். பேசாம பொட்டலத்தைத் தாமிரபரணில விட்டுட்டு நல்ல பிள்ளையா வீட்டுக்கு வந்தேன்.

எதுத்த வீட்டு அண்ணன்ட்ட கம்ப்யூட்டர் இருந்துச்சு. அங்கன சி.டி.யப் போட்டுப் பாத்தா காரும் இல்ல, துப்பாக்கியும் இல்ல. புத்தகத்துல உள்ள அதே புரோகிராம் வரிசையா நிக்கி. சவம், இதுக்கா பிள்ளையாரை மோந்து பாத்தோம்னு ஆயிட்டு.

அந்த மே மாசம் எங்கம்மை பட்டபாட்டைச் சொல்லணும். ஒரு பக்கம் புத்தகம், ஒரு பக்கம் டிக்ஷனரி. வீட்டுல கம்ப்யூட்டர் கெடையாது, பள்ளிக்கூடத்து லேபையும் பூட்டியாச்சு. வாரத்துல ரெண்டு நாளு பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு மணி நேரம் அடிச்சுப் பாப்பா. மத்த நாளு எல்லாம் பழைய விடைத்தாளோட பின்பக்கத்துல புரோகிராமை எழுதி, ஒவ்வொரு வரியா வெரலை வச்சு, இப்ப இது அஞ்சு ஆவுது, இப்ப ஆறு ஆவுதுன்னு கையாலயே ஓட்டுவா. அஞ்சாம் பாடத்துல நாலு நாளு மாட்டிக்கிட்டா. கொழம்புல உப்பு இல்ல. எங்கப்பா ஒண்ணும் சொல்லாமத் தின்னாவ. சாமி குடுத்த புத்தகமாச்சே, யாரைக் கொற சொல்ல.

அப்பதான் ஒருநாளு மத்தியானம் அடுக்களைக்குள்ள போறேன், எங்கம்மை புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு சத்தம் இல்லாம அழுதுக்கிட்டு இருக்கா. நான் யாரு அழுதாலும் வக்கணை காட்டுதவன். அன்னைக்கு வரல. அந்தப் பொட்டலத்தைப் பத்தி அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா இவ இந்நேரம் ஒல்லிப் புத்தகத்தைப் படிச்சு முடிச்சிருப்பா, வேலை போச்சுன்னா அது என்னாலதான்னு தோணிச்சு.

பையப் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். “எம்மா, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் அரளிதான் இருந்துச்சு. நீ மாத்திக் கட்டிட்ட.”

எங்கம்மை என்னையப் பாக்கல. மொதல்ல வாசலைப் பாத்தா. எங்கப்பா இல்லன்னு தெரிஞ்ச பெறகுதான் மூஞ்சியத் தொடச்சா.

“மத்ததை என்னலே செஞ்ச?”

“ஆத்துல போட்டுட்டேன்.”

“சரி. அப்பாட்ட சொல்லாத.”

அவ்வளவுதான். ஏடு எதுன்னு தேடி எடுத்து, மறுபடியும் வெரலை வச்சு ஓட்ட ஆரம்பிச்சிட்டா. நான் அசந்துபோய் உக்காந்திருந்தேன். வீட்டுல கள்ளன் நான் ஒருத்தன்தான்னு அதுவரைக்கும் பெருமையா இருந்தேன். இவ பிள்ளையாரையே ஏமாத்திருக்கா.

பள்ளிக்கூடம் தொறந்து மாதிரி வகுப்பு நடந்துச்சு. அடுத்த தெரு அக்கா ஒருத்தி அந்த பிளஸ் ஒன்னுலதான் இருந்தா, அவ வந்து சொன்னா. எங்கம்மை போர்டுல ஒரு புரோகிராமைத் தப்பாவே எழுதிப் போட்டு, எங்கன தப்புன்னு பிள்ளையளைக் கேட்டாளாம். பிள்ளையளும் கண்டுபிடிச்சிட்டாவளாம். பின்னால உக்காந்திருந்த தாளாளர் அங்கன இருந்தபடியே நடுவுல ஒரு வரியக் காட்டி, அதை எடுத்துட்டா என்ன ஆவும்னு கேட்டாராம். எங்கம்மைக்கு உடனே விடை வரல. பெறகு, “எடுத்துப் பாப்போம் சார்”னு அந்த வரியக் கையாலயே அழிச்சிட்டு, மொத வரில இருந்து ஒவ்வொண்ணாப் பிள்ளையளைச் சொல்லச் சொல்லி ஓட்டிக் காட்டினாளாம். மணி அடிச்ச பெறகும் அவரு எந்திரிக்கலையாம்.

கம்ப்யூட்டர் வகுப்பு எங்கம்மைக்குத்தான்னு ஆயிட்டு. அந்த வெள்ளிக்கெழம எங்கப்பா எங்களைக் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போய்த் தேங்கா ஒடச்சாவ. அங்கன கும்புட வந்த நாலஞ்சு பேருட்டயும் நடந்ததைச் சொன்னாவ. சொல்லுதப்ப கண்ணுல தண்ணி. “இவளுக்கு என்ன தெரியும், பாவம். புத்தகத்தை எடுத்துக் குடுத்தது அவரு. உள்ள நின்னு பாடம் எடுத்ததும் அவருதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. வாயத் தொறக்கதுக்குள்ள எங்கம்மை என் மணிக்கட்டைப் புடிச்சிட்டா. நான் சொல்ல மாட்டேம்மான்னு காதுல சொன்னேன். அவ திரும்பல. பிள்ளையாரையே பாத்துக்கிட்டு நின்னா. எல்லாரும் நீங்க குடுத்துவச்சவருன்னு எங்கப்பாவைச் சொல்லுதாவ, அதுக்கும் தலைய ஆட்டுதா. புடிச்ச கையை மட்டும் தெரு வார வரைக்கும் விடல.

வேலையும் கெடச்சாச்சு, மாட்டிக்கிடாமயும் தப்பிச்சாச்சு, பெறகு எதுக்கு இவ மொகத்தை இப்பிடி உம்முன்னு வச்சிருக்கான்னு வீடு வந்து சேருத வரைக்கும் யோசிச்சேன். எனக்கு ஒண்ணும் புடிபடல.