பித்தளையில் படிந்த பச்சை

ஒரு பொத்தானை அழுத்த எந்த ஊர் விரல் வேண்டும்? உங்களிடம் பதில் இருக்கிறதா? திருப்பத்தூரில் வீடியோ கேம் கடை வைத்திருக்கும் கோபால்சாமியிடம் இருந்தது. சென்ற ஆண்டு, எண்பத்தாறில், கடை வாசலில் ஓர் அட்டை மாட்டினார்: “மலைக்காரர்கள் பார்க்கலாம். தொடக் கூடாது.”

கடையில் மூன்று கைப்பிடிகள் ஒடிந்திருந்தன. ஒடித்தது யார் என்று அவர் விசாரிக்கவில்லை. சந்தை நாளில் புளி மூட்டையோடு ஜீப்பிலிருந்து இறங்குகிறவர்களின் காய்த்த கைகளைப் பார்த்தார். தீர்ப்பு எழுதிவிட்டார்.

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுச் சின்னராசு அதே தெருவில் ரேடியோ பழுது பார்ப்பவர். வயது இருபத்தேழு. கோபால்சாமியின் விளையாட்டுப் பெட்டிகள் கெட்டால் திறந்து சரிசெய்வதும் அவர்தான். தொடக் கூடாத கை, பழுது பார்க்க மட்டும் வேண்டும்!

அட்டையைப் படித்த அன்றே கடைக்குள் போனார்.

“மொதலாளி, ஒடிஞ்ச பெட்டிக்கு, கைப்பிடிக்கு பதிலா பொத்தான் வெச்ச பலக நானே செஞ்சி தர்றேன். சந்த அன்னிக்கி மலைக்காரங்க மட்டும் ஆடட்டும். சாயங்காலம் வரைக்கும் நிக்காம ஓடிச்சின்னா அட்டைய கழட்டிடுங்க.”

“நின்னுபோச்சின்னா?”

“இந்தத் தெருவுல அப்பறம் நான் ஸ்க்ரூ டிரைவரத் தொட மாட்டேன்.”

“இன்னாடா, ரோசமா?” என்று சிரித்தார் கோபால்சாமி. “சரி, செய்யி. எனக்கு இன்னா நஷ்டம்?”

அவருக்கு நஷ்டமில்லை. சின்னராசுவுக்கு அந்தத் தெருதான் பிழைப்பு.

இருவர் ஆடும் ஆட்டத்துக்கு ஆறு பொத்தான்கள் தேவை. ஆளுக்கு மூன்று: இடம், வலம், சுடுவதற்கு ஒன்று. முதலில் காலிங் பெல் சுவிட்சை வைத்துப் பார்த்தார். வேகமாகக் குத்தினால் உள்ளே போன குமிழ் வெளியே வர மறுத்தது. ஜீப்பின் ஹாரன் பொத்தான் உலக்கையால் இடித்தாலும் தாங்கும். ஆனால் அதை அழுத்தி முடிப்பதற்குள் திரையில் எதிரி தப்பிவிடுகிறான். பழைய தொலைபேசி ரிலே என்னும் மின்சுவிட்சின் வெள்ளி முனைகள் அருமையாக வேலை செய்தன. கிடைத்ததோ ஒரே ரிலே. அதில் இரண்டு பொத்தானுக்குத்தான் ஆகும். கடைசியில் மெல்லிய பித்தளைத் தகடுகளை வெட்டி, இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, மேலே மரக் குமிழ் பொருத்தினார். விரல் பட்டதும் தகடுகள் தொட்டுக்கொண்டன. பலாப் பலகையில் ஆறையும் பதித்தார். ஆயிரம் முறை குத்திப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

சந்தை நாள் காலை பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கூடையை இறக்கி வைத்துவிட்டு முதலில் வந்தவர் அம்மாக்கண்ணு, சின்னராசுவின் அத்தை.

“இத்த அமுக்கினா இன்னாடா வரும்? சோறா?”

“குண்டு வரும் அத்த.”

“அப்போ அந்த காட்டிலாக்காக்காரன நிக்க வையி. குறி தப்ப மாட்டேன்.”

கூட்டம் சிரித்தது. அத்தை மூன்று ஆட்டம் ஆடினார். பிறகு வரிசை தெருவரைக்கும் நீண்டது. பகலில் கோபால்சாமி இரண்டு முறை வந்து பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சின்னராசு சாப்பிடப் போகவில்லை. கண் அந்த ஆறு குமிழ்களிலேயே இருந்தது.

மூன்று மணிக்குச் சுடும் பொத்தான் ஒன்று ஊமையானது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும்.

“சொன்னேனா இல்லியா?” கோபால்சாமியின் குரல் தெருவுக்கே கேட்டது. “இவனுங்க கை பட்டா இரும்பே நிக்காது!”

அம்மாக்கண்ணு முன்னால் வந்தார். “கண்ணு பட்டுச்சிடா. ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போடுவோம்.”

“கண்ணு பட்டா பலகைக்கு இன்னா தெரியும் அத்த? தள்ளு, தொறந்து பாக்கலாம்.”

எல்லாருக்கும் தெரியும்படி பலகையைத் திருப்பினார். தகடு எதுவும் வளையவில்லை, ஒடியவில்லை. தொடும் முனைகளில் மட்டும் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. சின்னராசுவின் முகம் மாறியது. இரண்டு நாள் முன்பு, தகடுகள் பளிச்சென்று இருக்கட்டும் என்று, வீட்டில் குத்துவிளக்குத் துலக்குவதைப் போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருந்தார். பலகை நனைந்துவிடுமே என்று தண்ணீர் விட்டுக் கழுவாமல் துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டார். தங்கிய புளிப்பும் உப்பும் பித்தளையை அரித்துவிட்டன.

யாருக்கும் தெரியாமல் துடைத்திருக்கலாம். அத்தை சொன்ன கண்ணேறின் மேலேயே பழியைப் போட்டிருக்கலாம். அவர் நிமிர்ந்து நின்று சொன்னார்: “தப்பு என்னுது. புளி போட்டுத் தேச்சேன், அலம்பல. இவங்க கையால எதுவும் கெடல. தோ, பாருங்க.”

தகடுகளைக் கழற்றிக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கால் மணி நேரத்தில் பெட்டி ஓடியது. சந்தை கலையும்வரை நிற்கவே இல்லை.

“நடுவுல நின்னுச்சா இல்லியா?” என்றார் கோபால்சாமி.

“நின்னுச்சிங்க.”

“அப்போ பேச்சு பேச்சுதான்.”

சின்னராசு பேச்சைக் காப்பாற்றினார். இன்று புதூர்நாட்டில் தன் வீட்டிலேயே ரேடியோ பழுது பார்க்கிறார். மாதத்துக்கு நாலைந்து ரேடியோ வந்தால் அதிகம். அவர் செய்த பலகை டவுனில் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. அதன்மேல் டவுன் பையன்களின் விரல்கள் விளையாடுகின்றன. வாசலில் அந்த அட்டை அப்படியே தொங்குகிறது. ஒருவர் செய்த பிழைக்கு ஒரு மலையே தண்டனை அனுபவிக்கிறது. சென்ற மாதம் டவுன் பையன் ஒருவன் எல்லார் கண்ணெதிரே கைப்பிடியை ஒடித்தபோது எந்தத் தெருவுக்கும் அட்டை எழுதப்படவில்லை. பித்தளைக்குக்கூடக் காரணம் இருந்தால்தான் பச்சை பிடிக்கிறது. மனிதனைக் குற்றவாளி ஆக்கக் காரணமே வேண்டாமா?

அடுத்த சந்தை நாளில் அந்தக் கடைக்குப் போங்கள். ஒடித்தது எந்தக் கை என்று கோபால்சாமியைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை ஓர் ஆட்டம்கூட ஆடாதீர்கள்.