மச்சான் கையில் சுற்றிய நூல்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து ரானுயி என்ற ஊரில் இருந்தோம். நான் அனுப்பிய வேலை விண்ணப்பம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. வீட்டில் சும்மா இருக்கப் பொறுக்காமல், மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு முரிவாய் கடற்கரைக்குத் தூண்டில் போடப் போவேன்.

ஒரு பின்னேரம் கழி வில்லாக வளைந்தது. மீனோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அலைக்குள் ஒரு சிவந்த முதுகு தெரிந்தது. கைக்குழந்தை அளவு ஸ்னாப்பர் மீன். இந்த நாட்டில் முதல்முறையாக ஏதோ ஒன்று எனக்குப் பதில் சொல்லியிருந்தது. "முருகா, இதையாவது தா" என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

அலை பின்வாங்கும்போது நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். அடுத்த அலை மீனைக் கரைக்குத் தள்ளிவிடும். ஊரில் வள்ளத்திலிருந்து வெறுங்கையால் நூல் இழுத்துப் பழகிய மச்சானுக்கு அந்தப் பொறுமை இல்லை. தண்ணீருக்குள் பாய்ந்து நூலைக் கையில் சுற்றினான்.

"விடடா! அலை வாங்குது, விடு!" என்று கத்தினேன்.

"பயப்பிடாதேங்கோ அத்தான், நான் இழுக்கிறன்!"

நூல் அறுந்தது. அவனை அந்தத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கிவிடலாம் போலிருந்தது.

தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, அவனைத் திரும்பியும் பாராமல் நடந்தேன். வீட்டில் மனைவி பதறிப்போய் அவன் கைக்கு மருந்து போட்டாள்.

"அவ்வளவு பெரிய மீனோ?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நூல் ஆழமாக வெட்டியிருந்தது. பிறகு அவள் என்னைப் பார்த்தாள். என் கைகளில் ஒரு கீறல்கூட இல்லை.