ஆவடியில் ரொட்டியும் உப்பும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் நான் எழுதப்போவது சரிபார்த்தவற்றை மட்டுமே. இதற்குக் காரணம் நேர்மை என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் மகிழ்வேன். உண்மையான காரணம் அச்சம். என் நினைவு பொல்லாதது. நாற்பது பேர் வந்த கூட்டத்தை நானூறு பேராக்கும், தூறலை அடைமழையாக்கும், நான் வாயடைத்து நின்ற இடங்களில் எனக்கு அருமையான வசனங்களை எழுதித் தரும். ஆகவே மூன்று சான்றுகளைத் துணைக்கு வைத்துக்கொண்டேன்: அக்காலத்து என் குறிப்பேடு, ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், திருவேற்காட்டில் வசிக்கும் மாணிக்கம் அண்ணன். முதல் இரண்டும் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அண்ணன் சொல்வதை, அவை மறுக்காதபோது மட்டும்.

அந்தக் குறிப்பேடு சென்ற வாரம்தான் அகப்பட்டது. அம்பத்தூர் வீட்டில் வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது தலைமேல் விழுந்தது. அட்டைமேல் வழவழப்பான தாளில் ஒரு கோதுமை வயல். எடுத்து முகர்ந்தேன். மண்ணெண்ணெயும் புதுப் பசையும் கலந்தாற்போன்ற அந்த மணம் இன்னும் போகவில்லை! உங்களுக்கும் நினைவிருக்கும். சோவியத் நாட்டிலிருந்து வந்த படப் பத்திரிகைகளின் தாள் அது. படித்தவர் குறைவு, நோட்டுக்கு அட்டை போட்டவர் மிகுதி. ஆவடி முதல் பூந்தமல்லி வரை எந்தப் பள்ளிப் பையைத் திறந்தாலும் டிராக்டரும் விண்வெளி ஓடமும் எட்டிப்பார்க்கும். பாரிவாக்கத்தில் பனி என்றால் மார்கழிப் பனிதான். ஆனால் அங்கிருந்த பிள்ளைகளின் கணக்கு நோட்டெல்லாம் முழங்கால் ஆழப் பனியில் புதைந்து கிடந்தன.

நான் அந்தத் தாள்களோடு பிழைத்தவன். எண்பதுகளின் பிற்பகுதியில், தமிழ் முதுகலை முடித்த கையோடு, அந்நாட்டுத் தூதரகத்தின் கலைத்துறை சென்னையில் நடத்திய அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். என் தந்தையார் தெருவில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "பையன் டெல்லிக்கும் மாஸ்கோவுக்கும் நடுவுல பேசறான்" என்று சொல்லிவந்தார். நான் அங்கே பெரும்பாலும் உறைகளுக்குப் பசை தடவினேன். எஞ்சிய நேரத்தில் வாசகர் கடிதங்களுக்கு மறுமொழி எழுதினேன். 'அஞ்சல் தலை அனுப்புக' என்று கேட்ட பத்து வயதுச் சிறுவனுக்கும் 'தங்கள் மடல் கிடைக்கப்பெற்று உவகையுற்றோம்' என்றுதான் தொடங்குவேன். அவன் அதை யாரிடம் காட்டிப் பொருள் கேட்டானோ!

அக்கடிதங்களுள் ஒன்று சரோஜா அக்காவுடையது. ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தார், கணவர் அங்கே ஃபிட்டர், இரண்டு குழந்தைகள். கல்லூரிக்குப் போக வேண்டிய ஆண்டில் திருமணம் முடிந்துவிட்டது. எங்கள் அலுவலகம் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக அனுப்பிய ருஷ்ய மொழிப் பாடநூலைத் தபாலில் பெற்று, அடுப்படியில் வைத்துத் தாமே பதினொரு பாடம் படித்திருந்தார். ஒரு மாலை அவரைப் போய்ப் பார்த்தேன்.

"ஏன் ருஷ்யன், அக்கா?"

"படிக்கணும்னு ஆசை தம்பி. எது வீடு தேடி வந்துச்சோ அதைப் படிக்கிறேன்." பாடநூலைப் பிரித்து விரலால் தட்டினார். "இத பாருங்க. பன்னெண்டாம் பாடத்துல, 'உங்கள் ஆசிரியரிடம் உரக்கச் சொல்லிக் காட்டுங்கள்'னு போட்டிருக்கு. நான் யாருகிட்ட சொல்லிக் காட்டறது? இவரு தூங்கிடறாரு."

சென்னையில் மாலை வகுப்பு உண்டு. ஆனால் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்தில் தாய் ரயிலேறிப் போவது எப்படி? ஆவடியிலேயே ஒரு வகுப்பு வேண்டும். அதற்காக அக்கா வீடு வீடாக ஏறி இருபத்திரண்டு கையொப்பம் வாங்கி வைத்திருந்தார். அலுவலகம் அதை மறுக்கவில்லை; முதலில் ஒரு 'நட்பு மாலை' நடத்துவோம், கலைத்துறை அதிகாரி நேரில் பார்த்துத் தில்லித் தூதரகத்துக்குக் குறிப்பு எழுதுவார், பிறகு முடிவு என்றது. பன்னிரண்டாம் பாடம் அந்தக் குறிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரியின் பெயர் வேரா. நெடிய உருவம்; எப்போதும் ஒரு வெள்ளைத் தொப்பி. தம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் பயின்றவர். அவர் பேசினால் நிறுத்தற்குறிகள்கூடக் காதில் விழும். என்னோடு அவர் உரையாடுவதைக் கேட்டுத்தான் எங்கள் வேன் ஓட்டுநர் மாணிக்கம் அண்ணன், "ரெண்டு பேரும் இன்னா, கல்வெட்டு படிச்சிகினு கீறீங்களா?" என்று கேட்டார்.

குடியிருப்புக்குள் வெளிநாட்டவர் நுழைய அனுமதி கிடையாது. ஆகவே விழாவுக்குச் சேக்காட்டில் ஒரு பள்ளி மைதானத்தைப் பிடித்தோம். ஞாயிறு மாலை. திரைப்படம், புகைப்படக் கண்காட்சி, புத்தக வேன். ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. அக்காவுக்கோ அதைவிடப் பரபரப்பு. ஒன்பதாம் பாடத்தில் ஒரு படம் இருக்கிறதாம்: விருந்தினரை வரவேற்கும் பெண், பூத்தையல் போட்ட துணிமேல் வட்ட ரொட்டி, ரொட்டியின் நடுவே சிறு கிண்ணத்தில் உப்பு.

"மாலை, சந்தனம் எல்லாரும் வெப்பாங்க தம்பி. அவங்க வழக்கத்துலயே அவங்கள வரவேற்போம். அசந்துபோகணும்!"

ஈரோட்டுத் துண்டு ஒன்றில் அவரே சிவப்பு நூலால் பூ வேலை செய்தார். ரொட்டிதான் தொல்லை. ஆவடியில் ரொட்டி என்றால் நீளம். வட்டம் என்றால் பன். பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த பேக்கரிக்காரர் எங்கள் தேவையைக் கேட்டுவிட்டுத் தட்டளவு ஒன்றைச் சுட்டுத் தந்தார். விசேஷத்துக்கு என்றதால் தாமாகவே டூட்டி ஃப்ரூட்டியும் தூவிவிட்டார். நடுவில் ஒரு செர்ரியும் இருந்தது என்று மாணிக்கம் அண்ணன் அடித்துச் சொல்கிறார். புகைப்படத்தில் ரொட்டி தெளிவாக இருக்கிறது, செர்ரி இல்லை. "படம் எடுக்கறதுக்கு மின்னாடியே அது கீய வுயுந்துட்ச்சி வாத்தியாரே" என்கிறார். செர்ரியை விட்டுவிடுகிறேன்.

அன்று பிற்பகல் எல்லாம் தயார். மைதான வாசலில் அக்கா ஒரு பெரிய கோலம் போட்டிருந்தார். அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கமலா குண்டைப் போட்டார்.

"ஏண்டி சரோஜா, உப்பைப் போய்க் கைக்குக் கை குடுக்கப்போறியா? சண்டை வரும்டி!"

கூடியிருந்த பெண்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டனர். சேலம், ஆரணி, விழுப்புரம் என்று எங்கெங்கிருந்தோ வந்து அந்தக் குடியிருப்பில் சேர்ந்தவர்கள். குழம்பு வைக்கும் முறையில்கூட ஒத்துப்போகாதவர்கள். இந்த ஒன்றில் ஒரே குரல்.

"நட்பு மாலைன்னு பேனர் கட்டிட்டு, உப்பைக் கையில குடுத்து அனுப்புவாங்களா யாராச்சும்?" என்றார் கமலா.

அக்கா பதினொரு பாடம் தனியாகப் படித்தவர். இருபத்திரண்டு வாசல் ஏறியவர். ஆனால் பிறந்தது முதல் உப்பை ஒருவர் கையில் கொடுத்தறியாதவர். கிண்ணத்தைத் தொட்ட விரல் பின்வாங்கிற்று. "தம்பி, நீங்க சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார்.

என்னிடம் தீர்ப்புக் கேட்டுவிட்டார்கள்! முதுகலைப் பட்டத்தின் பயனை அன்று உணர்ந்தேன். "வீட்டில் யாரேனும் உப்புக் கேட்டு வந்தால் என்ன செய்வீர்கள்?"

"கீழ வெப்போம். அவங்க எடுத்துக்குவாங்க."

"அதையே இங்கும் செய்வது. வழக்கம் அவர்களுடையது, முறை நம்முடையது" என்றேன். எல்லாரும் மெச்சினார்கள். நானும் என்னை மெச்சிக்கொண்டேன். முக்காலி ஒன்றுதான் இருந்தது. அதைத் திரைப்படம் காட்டும் கருவிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ஆகவே கோலத்தின் நடுவில் வைப்பது என்று முடிவாயிற்று. கோலத்தின் நடுவைவிட மதிப்பான இடம் வேறு எது?

நான்கு மணிக்கு வேன் வந்தது. வேரா இறங்கினார். பூவேலைத் துணியையும் ரொட்டியையும் பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் சிறுமியின் முகமாக மாறிற்று. கைகளை நீட்டிக்கொண்டு விரைந்து வந்தார். அக்கா எதிரே நடந்தார், நின்றார், நீட்டிய கைகளுக்கு முன்னால் குனிந்து, ரொட்டியைத் தரையில் வைத்தார், இரண்டடி பின்வாங்கிக் கைகூப்பினார்.

வேராவின் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அவருடைய ஊர் போரில் முற்றுகைக்கு ஆளான நகரம் என்பதும், அவர் தாயார் சிறுமியாக இருந்தபோது உள்ளங்கையளவு ரொட்டியில் ஒரு நாளைக் கழித்தவர் என்பதும், அவர் வீட்டில் ரொட்டித் துண்டு ஒன்று தவறி விழுந்தால்கூடப் பதறி எடுப்பார்கள் என்பதும் திரும்பும் வழியில்தான் எனக்குத் தெரியவந்தன. அந்தக் கணத்தில் நான் கண்டது, நீட்டிய கைகள் வெறுமையாக நின்றதை மட்டும்.

அவர் சட்டென்று மண்டியிட்டு ரொட்டியைத் துணியோடு வாரியெடுத்தார். எடுத்த வேகத்தில் கிண்ணம் கவிழ்ந்து உப்பு கோலமெங்கும் சிதறிற்று. முடிந்தது, பன்னிரண்டாம் பாடம் முடிந்தது என்று நினைத்தேன். விளக்கம் சொல்ல வேண்டியவன் நான், பணியே அதுதான். என் வாயில் ஒரு சொல் வரவில்லை.

"இதை ஏன் தரையில் வைத்தீர்கள்?" என்று வேரா கேட்டார்.

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இவனால் ஆகாது என்று கண்டு, அக்காவே பேசினார். "உப்பைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்மா எங்க ஊர்ல. உங்களோட எங்களுக்குச் சண்டை வேணாம். அதான் கோலத்துல வெச்சேன். அது சாமி வெக்கிற இடம்மா."

வேரா கோலத்தைப் பார்த்தார். சிதறிய உப்பைப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பாராத விதமாக, கலகலவென்று சிரிக்கத் தொடங்கினார்.

"எங்கள் ஊரில், உப்பு சிந்தினால் சண்டை வரும்! நீங்கள் சண்டையைத் தடுத்தீர்கள். நான் அதைக் கொண்டுவந்துவிட்டேன்!"

சொல்லிக்கொண்டே, அவர்கள் வழக்கப்படி பரிகாரமாக, ஒரு சிட்டிகை உப்பை எடுத்து இடது தோளுக்குப் பின்னால் எறிந்தார். பின்னால் நின்றவர் மாணிக்கம் அண்ணன்.

"இன்னாம்மா, எனக்கு எதுக்கு அபிசேகம்? நான் இன்னா ஊறுகாவா?"

மைதானமே வெடித்துச் சிரித்தது. "அவங்க பரிகாரம் பத்தாது, விலகுங்க" என்று கமலா முன்னே வந்து, சிந்திய உப்பைக் கை நிறைய அள்ளி, வேராவையும் அக்காவையும் சேர்த்து நிற்கவைத்து மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீர் வாளியில் போட்டார். "கரையுது பாருங்க! எல்லாக் கண்ணும் போச்சு!" வேரா வாளிக்குள் குனிந்து, உண்மையாகவே கரைகிறதா என்று பார்த்தார். அந்தக் கணம்தான் புகைப்படத்தில் இருக்கிறது: நெஞ்சோடு அணைத்த ரொட்டி, வாளியைச் சுற்றிலும் பெண்கள், மூலையில் தோளைத் தட்டிக்கொள்ளும் அண்ணன். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட முழங்கை என்னுடையது.

திரைப்படம் எப்படி இருந்தது என்று குறிப்பேட்டில் இல்லை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரொட்டியை வேரா முத்தமிட்டு, பிட்டு, கிண்ணத்தில் புதிதாக நிரப்பிய உப்பில் தொட்டுத் தம் கையாலேயே எல்லாருக்கும் கொடுத்தார். டூட்டி ஃப்ரூட்டியோடு கல்லுப்பு! அந்தச் சுவையை இப்போதும் நாவில் வைத்திருக்கிறேன். இதற்குச் சான்று கேட்காதீர்கள்.

சில வாரங்களில் தில்லியிலிருந்து இசைவு வந்தது. ஞாயிறு காலை வகுப்பு, அதே பள்ளியில். வேராவே நடத்தினார். முதல் நாள் அக்கா எழுந்து நின்று பன்னிரண்டாம் பாடத்தை உரக்கச் சொன்னபோது, வெளியே வேனிலிருந்த அண்ணன், "தூள் கெளப்புது பாரு!" என்று ஹாரன் அடித்தார். ஒரு சொல்லும் அவருக்குப் புரியவில்லை, எனக்கும்தான்.

பிறகு தொண்ணூறுகள் பிறந்தன. ஒரு ஞாயிறு வேரா புத்தகம் இல்லாமல் வந்தார். "இனி எந்த நாட்டின் பெயரால் உங்களுக்குக் கடிதம் எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை" என்றார். அன்றோடு வகுப்பு நின்றது. அக்கா அப்போது இருபத்தேழாம் பாடத்தில் இருந்தார், நூலில் நாற்பது. அந்தப் பத்திரிகை போயிற்று, அந்தத் தாள் போயிற்று, புத்தக வேன் போயிற்று, உறை ஒட்டும் என் வேலையும் போயிற்று. பேக்கரி இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. கோலம் இருந்த இடத்தில் அடுக்குமாடியின் வாகன நிறுத்தம். அந்நாடே நிலப்படத்தில் இல்லை.

எனக்குத் தெரியாதவை இவை. வேரா தில்லிக்கு எழுதிய குறிப்பில் உப்பைப் பற்றி என்ன எழுதினார் என்று தெரியாது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கணவர் ஓய்வுபெற்றதும் சரோஜா அக்கா குடியிருப்பைக் காலி செய்து எந்த ஊருக்குப் போனார் என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. எஞ்சிய பதின்மூன்று பாடங்களை அவர் படித்தாரா, படித்திருந்தால் யாரிடம் உரக்கச் சொல்லிக் காட்டினார் என்பது தெரியாது.