கோயில்பிள்ளையும் இரண்டு கிலோ திராட்சையும்

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கோயிலுக்குள், பீடத்துக்குப் பக்கத்திலேயே, ஓர் ஆண்பிள்ளையின் வாயை மோந்து பார்த்தேன்.

பதறாதீர்கள். பூச்சாடியை வாங்குகிற சாக்கில் கொஞ்சம் கிட்டே போய் மூச்சை உள்ளே இழுத்தேன். அவ்வளவுதான்.

சாராய வாடை இல்லை. அதை மறைக்கப் போடுகிற ஏலக்காய் வாசனையும் இல்லை. ஒன்றுமே இல்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாகிவிட்டது!

அவர் எங்கள் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டிய அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எடுத்து வைப்பது — எல்லாம் அவர் பொறுப்பு. சவரிமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றியிருக்கிறேன். பங்கின் பெயரையும், அதாவது எந்தக் கோயில் என்பதையும், சொல்லப்போவதில்லை. அன்னவாசல் பக்கம் என்பதோடு விட்டுவிடுங்கள். இங்கிட்டா அங்கிட்டா என்று போன் போட்டுக் கேட்கக் கூடாது.

சவரிமுத்து பதினான்கு வருடம் குடித்தவர். நல்ல கொத்தனார். குடியில் அந்த வேலை போனது, வண்டி போனது, கடைசியில் மனைவியும் போனார். லூர்துமேரி இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வல்லத்திராக்கோட்டையில் அண்ணன் வீட்டோடு போய்விட்டார்.

அப்புறம்தான் இப்போதுள்ள பங்குச் சாமியார் வந்தார். வந்த கையோடு, பங்குப் பள்ளிக்கூடத்தின் எல்.கே.ஜி. வகுப்பறையில் புதன்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் ஆரம்பித்தார். குடியை விட நினைக்கிறவர்கள் அந்தக் குட்டிப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்வார்கள். வரக்காப்பி குடிப்பார்கள். ஒரு ஜெபம். வீட்டுக்குப் போவார்கள். அங்கே கேட்டதை வெளியில் மூச்சுவிடக் கூடாது — அது ஒன்றுதான் கண்டிப்பு. சாமியாரும் வாராவாரம் கூடவே உட்கார்ந்திருப்பார். ‘எவ்வளவு பெரிய மனசு’ என்று நாங்கள் பெண்கள் எல்லாம் சிலாகித்தோம்.

சவரிமுத்து போனார். குடியை நிறுத்தினார். ஏழாவது மாதம் லூர்துமேரி திரும்பி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. இன்னொரு தடவை ஒரு சொட்டு வாயில் பட்டாலும் பிள்ளைகளோடு கிளம்பிவிடுவார். அப்புறம் யார் போய்க் கூப்பிட்டாலும் வர மாட்டார்.

இது வரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால்... கோயில்பிள்ளை வேலையையும் அவருக்கே கொடுத்தாரே சாமியார், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பழைய கோயில்பிள்ளை மகனோடு இருக்கப் போனபின் ஒரு வருடம் சாமியாரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். இப்போது ரசம் வைக்கிற அலமாரியின் சாவி சவரிமுத்து இடுப்பில். பூசைக்கு வைக்கிற திராட்சை ரசம் என்றால் என்ன? ஒயின்தானே? அசல் ஒயின்!

பங்குப் பேரவையில் நானும் ஓர் உறுப்பினர். ஆட்சேபித்தேன். “பார்ப்போம் டீச்சர்” என்று சிரித்தார் சாமியார். சரி என்று நானும் பார்க்க ஆரம்பித்தேன்.

எனக்கு இந்த வேலை புதிதில்லை. என் அப்பா குடித்தார். அந்தோணியார் படத்துக்குப் பின்னால் பாட்டிலை வைப்பார். அம்மா அளவு பார்க்கிறாள் என்று தெரிந்ததும், குடித்த அளவுக்கு டீ டிகாஷன் ஊற்றி வைத்தார். நிறம் அப்படியே இருக்கும்! அதைக் கண்டுபிடித்தது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான். தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் கறி தொட மாட்டார், குடிக்க மாட்டார், வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப்பாதைக்கு வருவார். ஒவ்வொரு வருடமும் அம்மா நம்புவாள். ஈஸ்டர் அன்றைக்கு மத்தியானம் கறிச்சோறு பரிமாறும்போது பார்த்தால், மனுஷன் நிற்க முடியாமல் நிற்பார்.

அம்மா அழுவாள். நான் அழ மாட்டேன். ‘நான்தான் சொன்னேனே’ என்று நிற்பேன். அந்த வயதிலேயே அது எனக்கு ஒரு ருசி.

ஆகவே, சவரிமுத்து விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்கிறது என் முறை. பீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறைக்குள் போக வர எனக்குத் தடையில்லை. ஒரு சனிக்கிழமை அலமாரி திறந்திருந்தது. பழைய சாமியார் காலத்தில் அதில் ரசப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும், நானே பார்த்திருக்கிறேன். இப்போது ஒன்றுகூட இல்லை. மெழுகுவர்த்திப் பெட்டியும் தூபப் பொட்டலமும்தான்.

அடுத்த ஞாயிறு, பூசை ஆரம்பிக்கிறதற்கு முன்னால், ரசம் ஊற்றி வைத்திருந்த கண்ணாடிக் குப்பியை எடுத்து மோந்து பார்த்தேன். ஒயின் வாசனை இல்லை. வெறும் திராட்சைச் சாறு! டிகாஷன் கதைதான், கொஞ்சமும் மாற்றமில்லை.

மூன்றாவது ஆதாரம் தானாக வந்து மாட்டியது. அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழக்கடையில் சவரிமுத்து கறுப்புத் திராட்சை வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கிலோ. கொட்டையுள்ள பன்னீர்த் திராட்சை. “வாராவாரம் சனிக்கிழமைன்னா வந்துருவாருங்க” என்றார் கடைக்காரர், நான் கேட்காமலே. சரி, கொஞ்சம் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கேஸை விளக்கினேன். ஒயினைக் குடித்துத் தீர்த்துவிட்டார். குப்பியில் சாற்றை ஊற்றி ஏமாற்றுகிறார். மிச்சத் திராட்சையை வீட்டில் ஊறப்போட்டுச் சொந்தமாகக் காய்ச்சுகிறாரோ என்னவோ!

“ரசத்தக் குடிக்கிறது சாமியார். அவருக்குத் தெரியாதா வித்தியாசம்?” என்றார் கணவர்.

“பாவம், வெளிய சொல்லக் கூச்சப்படுறாரு.”

“சவரிமுத்து வாயில வாடையே இல்லேன்னு நீதானே சொன்ன?”

“எங்கப்பா வாயிலயும்தான் இருக்காது.”

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். என்னோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு அந்த அளவு விவரம் உண்டு.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து பேரவைக் கூட்டம். பள்ளிக்கூட ஹாலில் ஒன்பது பேர் இருந்தோம், தலைமையில் சாமியார். திருவிழா கொடியேற்றம் பற்றிப் பேசி முடித்ததும் நான் எழுந்து மூன்று ஆதாரங்களையும் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

சவரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். மறைக்கல்வி வகுப்பு முடிகிற பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த லூர்துமேரியும் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை.

“அலமாரில இருந்த ரசம் எங்க சவரிமுத்து?”

“இல்லைங்க டீச்சர்.”

“குப்பியில என்ன ஊத்துறீங்க?”

அவர் சாமியாரை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவை. பிறகு தரையைப் பார்த்தார்.

“திராட்சச் சாறுங்க.”

ஹாலில் ஒரே சலசலப்பு. “யாரு சொல்லி ஊத்துறீங்க?” என்று கேட்டேன்.

“அதச் சொல்ல முடியாதுங்க.”

லூர்துமேரி விறுவிறுவென்று உள்ளே வந்தார். அத்தனை பேர் முன்னாலும் கணவர் முகத்துக்கு நேரே நின்று, “ஊதுங்க” என்றார்.

சவரிமுத்து ஊதினார். ஹைவேயில் போலீஸ்காரர் முன்னால் ஊதுகிற மாதிரி ஊதினார். பத்து வயது மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாடை இல்லைங்க” என்றார் லூர்துமேரி எங்களிடம். பிறகு அவரிடம், “அப்ப ரசம் எங்கிட்டுப் போச்சு? சொல்லுங்க. சொல்லலேன்னா நான் இப்படியே பஸ் ஏறிருவேன்” என்றார்.

“நான் குடிக்கல லூர்து. அதுக்கு மேல என்னய எதுவும் கேக்காத.”

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். லூர்துமேரி திரும்பி மகள் கையைப் பிடித்தார்.

அப்போதுதான் சாமியார் வாயைத் திறந்தார்.

“சாவிய எடுங்க சவரிமுத்து. அம்மா, நீங்களும் போகாதீங்க. சாறு ஊத்தச் சொன்னது நான்.”

நாங்கள் அவரையே பார்த்தோம்.

“நான் ஒயின் குடிக்கக் கூடாது. ஒரு சொட்டுகூட. நானும் குடிகாரன்தான். நிறுத்தி ஆறு வருஷம் ஆகுது.”

என்னைப் பார்த்துத் தொடர்ந்தார். “புதன்கிழமை அந்தப் பெஞ்சில நான் எதுக்கு உக்காந்திருக்கேன்னு நினைச்சீங்க டீச்சர்? எங்களுக்கு ஜெபம் சொல்லிக் குடுக்கவா?”

அப்படித்தான் நினைத்தேன். ஊரே அப்படித்தான் நினைத்தது.

பிறகு விளக்கமாகச் சொன்னார். குடிநோயிலிருந்து மீண்ட சாமியார்கள் ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், அனுமதி வாங்கிக்கொண்டு, புளிக்காத சுத்தமான திராட்சைச் சாற்றில் பூசை வைக்கலாமாம். திருச்சபையில் அதற்கு இடம் இருக்கிறதாம். சனிக்கிழமை சவரிமுத்து திராட்சை வாங்கிப் பிழிந்து கொடுப்பார். புளித்துவிடாமல் இருக்க உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். பழைய ஒயின் பாட்டில்களை வந்த முதல் வாரமே பக்கத்துப் பங்குக்குக் கொடுத்துவிட்டாராம். சவரிமுத்து வேலைக்கு வருவதற்கு முந்தின வருடமெல்லாம் பிழிந்தது சாமியாரேதான். ஆயரின் கடிதத்தையும் எடுத்துவரச் செய்து மேஜையில் வைத்தார்.

அதை நான் எடுத்துப் படித்தேனா? படித்தேன். சீல் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். மறைத்துச் சொல்வானேன்?

“ஆயருக்கும், புதன்கிழமை கூட உக்கார்றவங்களுக்கும், சவரிமுத்துவுக்கும் மட்டும்தான் தெரியும்” என்றார் சாமியார். “இவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாரு. கூட்டத்துல கேட்டதச் சொல்லக் கூடாதுன்னு, பெண்டாட்டி பிள்ளைங்க கிளம்புறதப் பாத்துக்கிட்டும் வாயத் திறக்கல. நான்தான் பேசாம உக்காந்திருந்தேன். என்னைப் பத்தித் தெரிஞ்சுரும்னு பயந்துட்டேன். அதுக்கு நான் பாவசங்கீர்த்தனம் பண்ணியாகணும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது... கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. என் மூன்று ஆதாரமும் சரி. அலமாரி காலி — சரி. குப்பியில் சாறு — சரி. திராட்சை இரண்டு கிலோ — சரி. ஆள் மட்டும் தப்பு! ஒரு மனுஷர் உண்மையிலேயே குடிக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த முதல் உணர்ச்சி ஏமாற்றம் என்றால், அந்த ஏழாம் வகுப்புப் பெண் இன்னும் எனக்குள்ளே அந்தோணியார் படத்தை நகர்த்திப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

குடிக்கிறவர் வீட்டில் குடிக்கிறவர் ஒருவர்தான். துப்பறிகிறவர்கள் மற்ற எல்லாரும். குடிக்கிறவர்களில் சிலர் என்றைக்காவது ஒருநாள் நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு மட்டும் நிறுத்தத் தெரிவதில்லை. நமக்கு ஒரு புதன்கிழமைக் கூட்டம் யார் நடத்துவது?

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். அதனால்தான் நான் எழுதுகிறேன்; அவரும் சவரிமுத்துவும் படித்துவிட்டுச் சரி என்ற பிறகே எழுதுகிறேன். பங்கு மக்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? சிலர் அழுதார்கள். மூன்று குடும்பம் இப்போது பக்கத்துப் பங்குக்குப் பூசைக்குப் போகிறது. மிச்சப் பேரில் சிலர், கைகுலுக்கும்போது சாமியார் பக்கம் லேசாகச் சாய்கிறார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரமே சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். லூர்துமேரி நாற்காலி போட்டார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பி மட்டும் வந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

“தப்புப் பண்ணிட்டேன் சவரிமுத்து. ஒங்க பிள்ளை முன்னாடி ஒங்களை ஊத வெச்சிட்டேன். மன்னிச்சிருங்க” என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவோடு சேர்ந்து அழாத அழுகையும் அதில் இருந்திருக்கும்.

“அட, விடுங்க டீச்சர். நீங்க மட்டுமா சந்தேகப்படுறீங்க?” என்றார். “நான் தெனம் காலைல எந்திரிச்சதும் மொதல்ல சந்தேகப்படுறது என்னயத்தாங்க. இன்னைக்கு இவன் குடிச்சிருவானோன்னு. அந்தச் சந்தேகம் என்னைக்குப் போவுதோ அன்னைக்கு நான் தொலைஞ்சேன்.”

“அப்ப நான் என்னதான் செய்யட்டும்?”

“சந்தேகப்படுற வேலைய நான் பாத்துக்கிறேங்க. நீங்க பூவப் பாருங்க, போதும்.”

பூவைத்தான் பார்க்கிறேன்... பெரும்பாலான சனிக்கிழமைகளில்.