பாட்டுக்கு முன்னால் ஒரு குரல்

ஏணியில் நின்று பெயிண்டர் எங்கள் கம்பெனியின் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பலகையில் பெயர் மாறியது அது மூன்றாவது முறை. தொண்ணூற்றொன்றில் நான் ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் பிடித்து வேலைக்குப் போகத் தொடங்கியபோது, பக்திப் பாட்டும் நாட்டுப்பாட்டும் போடும் சின்ன கேசட் கம்பெனி அது. பிறகு ஒரு பம்பாய்க் கம்பெனி எங்களை வாங்கியது. அதை ஒரு வெளிநாட்டுக்காரன் வாங்கினான். அவன் இன்னொரு வெளிநாட்டுக்காரனோடு சேர்ந்து ‘குரூப்’ ஆனான். ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு லட்டு கொடுத்தார்கள். யாருக்காக உழைக்கிறோம் என்று கேட்பதை மூன்றாவது லட்டோடு நான் விட்டுவிட்டேன்.

மேனேஜர் சார் மட்டும் மாறவில்லை. ஆஸ்டின் டவுன்காரர். அதிர்ந்து பேசாதவர். எந்த முதலாளி வந்தாலும் புது விதிகளை முதல் ஆளாகப் படித்துவிடுவார். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். ஒவ்வொரு மூல டேப்பின் தொடக்கத்திலும் பாட்டின் பெயரையும் பாடுபவர் பெயரையும், எத்தனையாவது தடவை பாடுகிறார் என்பதையும் யாராவது மைக்கில் சொல்லியாக வேண்டும். தமிழும் கன்னடமும் தெளிவாக வரும் என்பதால் அந்த வேலை அக்காவுக்கு வந்தது. அக்கா அதோடு நிறுத்தமாட்டார். “மூணாவது தடவை. தபலாக்காரருக்கு இன்னும் டீ வரலை, கோவமா இருக்காரு,” என்பார். “வெளியே நல்ல மழை, ஜன்னலைச் சாத்தியிருக்கோம்,” என்பார். பாட வந்தவர் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு அடங்கும் முன் பாடிய பாட்டுகள்தான் நன்றாக விற்றன என்பது என் கட்சி.

குரூப் வருவதற்கு முந்தின வருஷம் அக்கா காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே சார் வேலைக்கு வந்துவிட்டார். எங்களால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு, எல்லா டேப்பையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி குரூப்பிலிருந்து உத்தரவு வந்தது. பாட்டு முதல் நொடியிலேயே தொடங்க வேண்டுமாம். சார் தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினார்: தேவையில்லாத பேச்சை வெட்டிவிடவும். அக்காவின் குரலைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை போலும் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். அவரிடம் விசாரிக்கத் தயக்கமாக இருந்தது. மாதக்கணக்கில் வெட்டினோம். வேலை முடிந்த டேப்புகள் லாரியில் பம்பாய்க்குப் போயின. வைக்க இடமில்லை என்று அங்கே அவற்றைக் கழித்துக் கட்டினார்கள்.

ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து சார் போன் செய்தார். “ஏம்மா, உங்க அக்கா பேசினது ஏதாவது ஒண்ணு இருக்குமா? வீட்ல போட்டோ நிறைய இருக்கு. குரல்தான் இல்ல.”

ஆபீசில் இருந்த கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் தேடினேன். பம்பாய்க்கும் பேசிப் பார்த்தேன். பேசியவருக்கு எங்கள் பழைய கம்பெனியின் பெயரே தெரியவில்லை. அந்தப் பாட்டுகள் இன்று யார் போனிலும் கிடைக்கின்றன. எல்லாம் குரூப்பின் பெயரில், எல்லாம் முதல் நொடியிலேயே தொடங்குகின்றன. கேட்கும்போது எனக்கு அலுப்புதான் வருகிறது.

போனில் சொல்ல மனம் வராமல் ஆஸ்டின் டவுனுக்கு நேரிலேயே போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். சார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ஆய்த்தும்மா, ஆனது ஆச்சு, விடு. எழுதி ஒட்டும்போது எனக்கு அவ ஞாபகமே வரலை,” என்றார். “வீட்லயும் தேவையில்லாம பேசாதே பேசாதேன்னு அவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தவன்தானே நான்.”