பத்து மணி டீ

போன வருஷம் சம்பா நடவின்போது நடந்தது இது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. தண்ணீர், உரம், டிராக்டர் எல்லாவற்றையும் என் கணவர் பார்த்துக்கொள்வார். நடவுக்கு வரும் பெண்களுக்குப் பத்து மணிக்கு டீயும் வடையும் கொண்டுபோவது என் வேலை. எங்கள் பக்கத்தில் எந்த வயலில் நடவு நடந்தாலும் அது உண்டு. யாரும் கேட்டு வாங்குவதில்லை, தானாக வந்துவிடும்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் என்னை ஒரு யோகா முகாமில் சேர்த்துவிட்டாள். எனக்கு முட்டி வலியும் பிரஷரும் இருந்தன. காவிரிக் கரையோரத்தில் ஒரு தென்னந்தோப்பில் ஐந்து நாள். நான் பத்தாவது வரை படித்தவள், நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் கல்யாணமான பிறகு, இன்னொருவர் சமைத்துப் பரிமாற நான் உட்கார்ந்து சாப்பிட்டது அங்கேதான். மத்தியானம் படுத்தால் யாரும் எழுப்பவில்லை. ஐந்தாம் நாள் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். காலையில் போனைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் பாயில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி. ஏழு மணிக்குள் இரவுச் சாப்பாடு. டீயும் சர்க்கரையும் எண்ணெய்ப் பலகாரமும் கிடையாது. முதல் மூன்று நாள் தலை வலித்தது. பிறகு பழகிவிட்டது. முட்டி வலியும் குறைந்தது. "என்ன மட்டும் விட்டுடு தாயே, டீய நான் கடையிலயே குடிச்சிக்கிறேன்" என்று என் கணவர் கும்பிட்டார்.

அதோடு நான் நின்றிருக்க வேண்டும்.

நடவு தொடங்கிய அன்று டீக்கடைக்குப் போகாமல், சுக்கும் மல்லியும் துளசியும் போட்டுக் கொதிக்கவைத்துத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டேன். சர்க்கரை போடவில்லை. வடைக்குப் பதிலாக வெள்ளரிக்காயை நறுக்கி எடுத்துக்கொண்டேன். மொத்தம் எட்டுப் பெண்கள். கரையேறி வந்து ஆளுக்கொரு டம்ளர் வாங்கிக் குடித்தார்கள். ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்னக்கா, இங்க யாரு புள்ள பெத்திருக்கா? கஷாயம் கொண்டாந்திருக்கீங்க!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உடம்புக்கு நல்லது, குடிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர்களில் மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும். பல வருஷமாக எங்கள் வயலுக்கு வருகிறவர். அவர் மட்டும், "நல்லாத்தான் இருக்கும்மா" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாரையும் டம்ளரோடு நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து முகாமின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'எங்கள் நடவு ஆட்களையும் மாற்றிவிட்டேன்' என்று கீழே எழுதினேன். அதற்கு எத்தனை பேர் கை தட்டினார்கள்! அன்றைக்கெல்லாம் நான் போனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மறுநாளும் அதே தூக்கு, அதே வெள்ளரிக்காய். குடித்துவிட்டு வயலில் இறங்கினார்கள். நான் டம்ளர்களை அலம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வயலில் சத்தம். அந்த மூத்தவர் கையில் நாற்றுமுடியோடு சேற்றில் குப்புற விழுந்து கிடந்தார். நாலு பேர் தூக்கி வரப்பில் கிடத்தினார்கள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண் எங்கேயோ பார்த்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஐந்து நாள் பாடம்தான். பக்கத்தில் உட்கார்ந்து, "மூச்ச மெதுவா இழுத்து விடுங்கக்கா" என்றேன்.

முதல் நாள் கஷாயம் என்று கேலி செய்தவள் என்னைப் பார்த்துக் கத்தினாள்: "மூச்செல்லாம் இருக்குக்கா, வயித்துலதான் ஒண்ணுமில்ல! அது சுகர் மாத்திர போடுற உடம்பு. ஏதாச்சும் இனிப்பா இருக்கா?"

தூக்கைத் திறந்து பார்த்தேன். அதில் என்ன இருக்கும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் திறந்து பார்த்தேன். வீடு ஒரு கிலோமீட்டர் தூரம்.

அவள் காத்திருக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினாள். நாலு வயல் தள்ளி இன்னொருவர் வயலிலும் நடவு. அங்கே அப்போதுதான் டீ வந்திருந்தது. ஒரு சொம்பு நிறைய வாங்கி, இருந்த சர்க்கரையையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். வாய்க்குள் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதல் இரண்டு வாய் வெளியே வழிந்தது. மூன்றாவது வாயை விழுங்கினார். அந்த அம்மா கண் திறந்து எங்கள் முகத்தை அடையாளம் கண்டுகொள்வதற்குள் நான் எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டேன் என்று தெரியாது.

ஆட்டோ வரவழைத்து என் கணவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். "மாத்திர போட்டா சாப்பிடணும்னு தெரியாதா?" என்று அந்த அம்மாவைத்தான் திட்டினார்.

"ஆள் ஏத்துற வண்டி ஆறரைக்கே வந்துடுதுங்கய்யா, சாப்புட முடியறதில்ல. பத்து மணிக்கு டீயும் வடையும் வந்துடும், அத நம்பிதான் மாத்திரயப் போட்டுக்குறது" என்றார் அவர். என் பெயரைச் சொல்லவில்லை. நான் சுவரோரமாக நின்றிருந்தேன்.

டாக்டர் போனதும், "நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"நீங்க ஆசையா செஞ்சி எடுத்தாந்தீங்க. வேணாம்னு எப்புடிம்மா சொல்றது? நேத்திக்கு ஒரு புள்ள முட்டாய் குடுத்துச்சு, சமாளிச்சிட்டேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பாழாய்ப்போன கூச்சம் அப்போதும் விடவில்லை. "காப்பி வாங்கியாரட்டுமாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அந்த வாட்ஸ்அப் குழுவிலும் நான் உண்மையைச் சொல்லவில்லை. போட்டோவை எல்லாருக்குமாக அழிக்கும் நேரமும் கடந்துவிட்டது. சத்தமில்லாமல் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். நடந்ததை நடந்தபடி சொல்வது இங்கேதான்.

இப்போதும் காலையில் பாயில் உட்காருகிறேன். அதில் குறை ஒன்றும் இல்லை. முகாமில் சொல்லிக்கொடுத்தது என் உடம்புக்கு. அதை நான்தான் கேட்காமல் கொள்ளாமல் எட்டுப் பேர் வயிற்றில் ஊற்றினேன். என் உடம்பு லேசாகிவிட்டது என்று பூரித்துப்போயிருந்த நாளில், என் வயலில் பசியோடு குனிந்து நட்ட ஒருவர் என் மனம் கோணக்கூடாது என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் தனியாக இருந்தாலும் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.