ரோட்டில் அடித்த வெள்ளை

பள்ளி வாசலில் ஒரு கண்டெய்னர் லாரி என் மகளின் சைக்கிளை உரசி நின்றது. டயர் கருகிய அந்த நாற்றத்தில் எனக்கு 1991 திரும்பி வந்தது.

ஒரகடம் சாலையில் எங்கள் பள்ளி வாசல். மாதர் சங்கத் தலைவி ரோசம்மா அத்தை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, சாலைக்குக் குறுக்கே பட்டைபட்டையாகத் தீட்டிக்கொண்டிருந்தார். ஜீப்பில் வந்த நெடுஞ்சாலைத் துறை அதிகாரி கத்தினார்.

"யாரைக் கேட்டும்மா ரோட்டுல கோடு போடுறீங்க?"

"மூணு வாட்டி உங்களத்தான் கேட்டோம் சார். வேணான்னா அழிச்சிடுங்க. பெல் அடிச்சா நீங்களே நின்னு பசங்கள தாண்டி வுடுங்க."

சங்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். மணி அடித்தது. குறுக்கே நின்ற ஜீப்புக்குப் பின்னால் லாரிகள் வரிசையாகக் காத்திருக்க, நாங்கள் நடந்து தாண்டினோம்.

இன்று மகளைப் பத்திரமாக வீட்டுக்கு அழைத்து வந்தேன். உடனே அவள் வகுப்பு அம்மாக்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன்: "நாளைக் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளைத் தாண்டிவிட, பள்ளி வாசல் சாலையில் நிற்கப்போகிறேன். யார் யார் வருகிறீர்கள்?"